மெயின்ஃப்ரேமைத் தனியாகக் கற்க முடியுமா?

கேள்வி: என் மடிக்கணினியிலேயே லினக்ஸை நிறுவி, ஆசிரியர் இல்லாமல் கற்றுக்கொண்டேன். அதேபோல மெயின்ஃப்ரேம் எனும் பெருங்கணினியையும் கற்க விரும்பி, அதைச் சாதாரணக் கணினியில் போலச்செய்யும் ஹெர்குலிஸ் எமுலேட்டரை நிறுவினேன். அதில் ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் இயக்கமுறைமையான இசட்/ஓஎஸ்ஸை இயக்க உரிமம் கிடைக்காது என்கிறார்கள். இணையத்தில் உலவும் பிரதியைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். வங்கிகளின் கணக்குகளைச் சுமக்கும் இயந்திரங்களில் பணிபுரிய விரும்புகிறவர், உரிமமற்ற பிரதியில் கற்றதை நேர்காணலில் சொல்லவும் முடியாது, மறைப்பதும் முறையாகாது.

உங்கள் மடிக்கணினிக்குத் திறன் போதும்; குறுக்கே நிற்பது ஒப்பந்தம்தான். 1999இல் ரோஜர் பௌலர் தொடங்கிய ஹெர்குலிஸ் திறமூல மென்பொருள் என்பதால், அதை நிறுவ யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் இசட்/ஓஎஸ்ஸை ஐபிஎம் தன் இயந்திரங்களிலும் தான் ஏற்ற எமுலேட்டர்களிலும் இயக்குவதற்கு மட்டுமே உரிமம் தருகிறது. ஹெர்குலிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இதை எதிர்த்து 2010இல் டர்போஹெர்குலிஸ் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. மறு ஆண்டே அந்த விசாரணை கைவிடப்பட்டது, நிலைமையும் மாறவில்லை.

சட்டப்படி உங்களுக்குத் திறந்திருக்கும் முதல் வாயில், இசட்/ஓஎஸ்ஸின் முன்னோடியான எம்விஎஸ் 3.8ஜே. 1969இல் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனிக் கட்டணம் விதிக்கத் தொடங்கியபோதும், இயக்கமுறைமையின் அடித்தளத்தை வெகுகாலம் அதிலிருந்து விலக்கியே வைத்திருந்ததால், 1981ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்தப் பதிப்பை இன்றும் கட்டணமின்றி ஹெர்குலிஸில் இயக்கலாம். பரிவர்த்தனைகளைக் கையாளும் சிக்ஸ், தரவுத்தளமான டிபி2, பாதுகாப்பைக் கவனிக்கும் ராக்எஃப் ஆகியவை இதில் இல்லை. நினைவக முகவரியும் 24 பிட் அளவே, அதாவது 16 மெகாபைட். இருப்பினும் வேலைக்கான கட்டளைகளை ஜேசிஎல் மொழியில் எழுதுவது, வேலையை ஜெஸ்2 எனும் வேலை மேலாளரின் வரிசையில் இடுவது, பிழைக் குறியீட்டைப் பார்த்துக் காரணத்தைத் தேடுவது ஆகிய பழக்கங்கள் அன்றைக்கும் இன்றைக்கும் பெரும்பாலும் ஒன்றே.

அடுத்து, ஐபிஎம் இலவசமாக நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் தளத்தில் உண்மையான இசட்/ஓஎஸ்ஸில் கணக்குப் பெற்று, கோபால், ரெக்ஸ் முதலிய நிரல்மொழிகளைப் பயிலலாம். பயன்பாட்டு நிரல் எழுதுவதே உங்கள் நோக்கமானால் இவ்விரு வழிகளும் நல்ல தொடக்கம்.

இயக்கமுறைமையையே நிறுவிப் பராமரிக்கும் சிஸ்டம் புரோகிராமராக விரும்புவோருக்குத்தான் உண்மையான தடை. முறைமையை ஐபிஎல் செய்து, அதாவது தொடக்கத்திலிருந்து ஏற்றி, எழுப்புவதையும், ஓர் அளவுருவைத் தவறாக மாற்றியதால் அது எழாமல் போகும்போது மீட்பதையும், பலர் பகிரும் கணினியில் வெளியாளுக்கு எவரும் அனுமதிக்க மாட்டார்கள். எம்விஎஸ்ஸில் அதைச் செய்யலாம் என்றாலும் அது நாற்பது ஆண்டு பழைய அமைப்பு. தனிநபருக்கென ஐபிஎம் வெளியிட்ட பயிலுநர் பதிப்புக்கோ ஆண்டுக் கட்டணம் உண்டு. வேறு நிறுவனத்தின் ஓபன்விஎம்எஸ் இயக்கமுறைமைக்கு 1997 முதலே வணிகம் சாராத ஆர்வலர்களுக்கு இலவச உரிமம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அத்தகைய உரிமத்தை இசட்/ஓஎஸ்ஸுக்கும் தருவதால் எந்த வங்கியும் ஐபிஎம்மைவிட்டு விலகப்போவதில்லை. அனுபவமுள்ள பணியாளர்கள் ஓய்வுபெற்றுவரும் இந்தத் துறைக்கு, தாமாகவே கற்றுத் தேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். இதை ஐபிஎம்மிடம் தொடர்ந்து கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை எம்விஎஸ்ஸைத் துணிந்து உடைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வட்டுக் கோப்புகளின் நகலை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.