வாடை நின்றால் வாயு போய்விட்டதா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் கழிவுநீர்த் தொட்டி மோட்டார் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம், கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. தர்மபுரியிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தம்பி, "வாடை போயிடுச்சுக்கா, இறங்கிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். நான் விடவில்லை. வீண் பயம் என்கிறார்கள். ஒருவேளை யாராவது உள்ளே விழுந்தால் என்ன செய்வது?
- வாசகி, மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் அம்மா. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவுடையது. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே நாறும், ஆனால் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், அதாவது வாடை நின்றது வாயு குறைந்ததால் அல்ல, கூடியதாலும் இருக்கலாம். 500 பங்குக்கு மேல் சில நிமிடங்களில் ஆள் சுருண்டு விழுவார், 1000 என்றால் ஓரிரு மூச்சுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். சேற்றுக்குள்ளும் சிக்கிக் கிடக்கும், கம்பு விட்டுக் கிளறினால் குபுகுபுவென்று வெளியே வரும்.

ஊரில் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதை இங்கே செய்யவே கூடாது. காற்றில் 4 சதவீதத்துக்கு மேல் கலந்தாலே இந்த வாயு தீப்பிடிக்கும், தொட்டியில் மீத்தேனும் இருக்கும். பீடி, தீக்குச்சி, பக்கத்துச் சுவிட்ச் எதுவும் வேண்டாம். வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், தூக்கப் போனவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். முகத்தில் கட்டிய ஈரத்துணியோ மாஸ்க்கோ இந்த வாயுவைத் தடுக்காது. 112-ஐ அழைத்து, "தொட்டிக்குள் விஷவாயு, மூச்சுக்கருவியோடு வாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மேலிருந்தே கயிற்றால் இழுக்க முடிந்தால் இழுங்கள். வெளியே எடுத்ததும் நல்ல காற்று வரும் பக்கம் கிடத்தி, நனைந்த துணியைக் கழற்றிவிடுங்கள். மூச்சில்லை என்றால் நடு மார்பில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், அவர் மூச்சிலிருக்கும் வாயு உங்களையும் தாக்கலாம். கண் எரிந்தால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா, மோர் எதுவும் ஊற்றக் கூடாது. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லக்கா" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துக்கூட வரும்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், இதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். சரி, மோட்டாரை என்ன செய்வது? உறிஞ்சு லாரியை வரவழைத்துச் சேற்றை எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் மோட்டாருக்கு ஒரு சங்கிலி மாட்டி, அடுத்த முறை அடைத்தால் மேலே நின்றபடியே தூக்குகிற மாதிரி செய்துவிடுங்கள்.