‘ஷை அவே ஃப்ரம்’: எப்படிப் பயன்படுத்துவது?

கடினமான வேலையைக் கண்டு ஒதுங்குவதை ஆங்கிலத்தில் ‘ஷை அவே ஃப்ரம்’ என்பார்கள். பயத்தாலோ தயக்கத்தாலோ ஒன்றைத் தவிர்ப்பது என்று பொருள். குதிரை மிரண்டு சட்டென்று பக்கவாட்டில் விலகுவதற்கும் ‘ஷை’ என்றே பெயர். அந்த விலகல்தான் இங்கே முக்கியம். ஊசிக்குப் பயந்தாலும் கையை நீட்டுபவர் வெறும் ‘அஃப்ரெய்டு’. கையை இழுத்துக்கொண்டால்தான் ‘ஷை அவே’.

பலரும் சறுக்குவது ‘ஃப்ரம்’முக்கு அடுத்த சொல்லில். அங்கே பெயர்ச்சொல் வரலாம், ‘இங்’ சேர்ந்த வினை வரலாம். ‘டு’ வரவே கூடாது. ‘ஷீ ஷைஸ் அவே ஃப்ரம் டேக்கிங் ரிஸ்க்ஸ்’ சரி; ‘ஷைஸ் அவே டு டேக் ரிஸ்க்ஸ்’ தவறு. இறந்தகாலம் ‘ஷைடு’, எழுதும்போது ‘ஒய்’ போய் ‘ஐ, இ, டி’ வரும். நடைமுறையில் எதிர்மறையாகத்தான் அதிகம் காதில் விழும்: ‘ஹி டசன்ட் ஷை அவே ஃப்ரம் ஹார்ட் ஒர்க்’, அதாவது உழைக்க அஞ்சாதவர். பாராட்டுத்தான்.

‘ஷை’ என்றால் கூச்சம் என்று படித்த பழக்கத்தில் ‘ஐ ஆம் ஷை அவே’ என்று எழுதிவிடுகிறார்கள்; இங்கே அது வினைச்சொல், ‘ஆம்’ வேண்டாம், கூச்சமும் வேண்டியதில்லை: மேடையில் வெளுத்துவாங்குபவரும் கணக்குவழக்கு என்றால் ‘ஷை அவே’ செய்யலாம்.