ஓலைப்பெட்டி விற்க வற் நம்பர் வேண்டுமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். நானும் பக்கத்து வளவுப் பெண்கள் மூன்று பேரும் பனையோலையில் பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, பூக்கூடை செய்கிறோம். முகநூலிலும் கிளிநொச்சியில் ஒரு கடையிலும் விற்கிறோம். மாதம் 90,000 ரூபா வரை வரும். ஓலை, சாயம், மற்றவர்களின் கூலி எல்லாம் போக என் கையில் 30,000 அளவில் நிற்கும். இப்போது கொழும்பில் ஒரு ஹோட்டல் 200 பெட்டி கேட்கிறது. வியாபாரப் பதிவும் வற் (பெறுமதி சேர் வரி) நம்பரும் அனுப்பச் சொல்கிறார்கள். எல்லாம் எடுத்துத் தர இங்கே ஒருவர் 25,000 கேட்கிறார். கனடாவில் இருக்கும் அக்காவும் அங்கே விற்கக் கொஞ்சம் அனுப்பச் சொல்கிறா, அதற்கும் வரி இருக்கிறதாம். எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: தங்கச்சி, அந்த 25,000ஐக் கொடுத்துவிடாதீர்கள். ஹோட்டல் கேட்ட இரண்டில் ஒன்றுதான் உங்களுக்குத் தேவை. அதையும் நீங்களே போய் எடுக்கலாம்.

வற் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 2024 ஜனவரியில் இருந்து வற் 18 வீதம். ஆண்டுக்கு 60 மில்லியன், அதாவது 600 இலட்சம் ரூபாவுக்கு மேல் விற்பவர்தான் கட்டாயம் பதிய வேண்டும் என்பது அப்போது வைத்த வரம்பு. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 36 மில்லியனுக்கு இறக்க முன்மொழிந்தார்கள். அந்தக் குறைந்த வரம்பை வைத்துப் பார்த்தாலும் மாதம் 30 இலட்சத்துக்கு விற்றால்தான் நீங்கள் அதற்குள் வருவீர்கள். உங்கள் 90,000 ஒரு மாதமும் தவறாமல் வந்தால்கூட ஆண்டுக்கு 10 இலட்சத்து 80 ஆயிரம்தான். பெட்டிக்கும் வற்றுக்கும் இடையில் இன்னும் வெகு தூரம் இருக்கிறது.

கட்டாயம் இல்லாவிட்டாலும் விரும்பிப் பதியலாம்தானே, ஹோட்டலும் சந்தோசப்படும் என்று அந்த ஆள் சொல்லக்கூடும். விரும்பிப் பதிய வழி இருப்பது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,200 ரூபாப் பெட்டிக்கு வற் 216. ஹோட்டல் பதிவு செய்த நிறுவனம் என்றால் அதைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். முகநூலில் வாங்கும் ஆசிரியை எதில் கழிப்பார்? அவருக்கு விலை 1,416 ஆகிவிடும், இல்லையென்றால் 216ஐ நீங்கள் விழுங்க வேண்டும். பெரிய வியாபாரிகள் தாங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வற்றைக் கழித்து மிச்சத்தைத்தான் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுகிறார்கள். நீங்கள் எதைக் கழிப்பீர்கள்? குருத்தோலை அயல் வளவில் வெட்டியது, ஈர்க்கும் நாரும் அங்கேதான். வற் பில்லோடு வருவது சாயத்தூள் மட்டும், அதுவும் பெரிய கடையில் வாங்கினால். அதற்குமேல் தவணை தவறாமல் படிவம் நிரப்பும் வேலை வேறு. எனக்கு இதில் இலாபம் எதுவும் தெரியவில்லை. ஹோட்டலுக்கு அனுப்பும் பில்லில் 'வற் பதிவு இல்லை' என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். பதியாதவர் வற் என்று போட்டுக் காசு வாங்குவது குற்றம், அதை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள்.

வியாபாரப் பெயர் பதிவு வேறு கதை. அதை எடுங்கள். உங்கள் சொந்தப் பெயரிலேயே விற்றால் அது இல்லாமலும் காலம் தள்ளலாம். ஆனால் ஹோட்டலுக்கும் வங்கிக்கும் நாளைக்குக் கடன் கேட்கும் இடத்துக்கும் அந்தக் காகிதம்தான் முகம். உங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் வாங்கி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் இழுபடுவது பெரும்பாலும் காணியில்தான். வேலை செய்யும் இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். காணி அனுமதிப்பத்திரம் அப்பாவின் பெயரில் அல்லது இறந்துபோன கணவரின் பெயரில் இருக்கும். அப்படி என்றால் முதலில் கிராம அலுவலரிடம் போய், யாருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அப்புறம் செயலகத்துக்குப் போங்கள். ஒரு பஸ் காசு மிச்சம்.

இன்னொரு விசயம்: யாருடைய பெயரில் பதிவது? நான்கு பேரையும் பங்காளிகளாகப் போட்டால் இலாபம், கடன், கையெழுத்து எல்லாம் நான்கு பேருக்கும். இப்போது நீங்கள் கூலி கொடுத்து நடத்துவதால் தனிப் பெயரில் பதிவதே சரி என்பேன். பங்கு பிரிக்கும் எண்ணம் வந்தால் அதை முதலில் பேசித் தாளில் எழுதிவிட்டுப் பதிவை மாற்றலாம்.

லைசன்ஸ் என்று சனம் சொல்வது பிரதேச சபையின் வேலை. செயலகமும் சபையும் ஒன்றல்ல, இதைக் குழப்பித்தான் பலர் அலைகிறார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி சபை தன் எல்லைக்குள் நடக்கும் தொழிலுக்கு உரிமக் கட்டணமோ வரியோ அறவிடலாம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் பெட்டி இழைப்பதற்கு எது பொருந்தும் என்பதை உங்கள் சபையின் வருமானப் பரிசோதகரிடம் கேளுங்கள். வீதியோரத்தில் கொட்டில் போட்டாலும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை விரித்தாலும் அந்த இடத்துக்கு அனுமதி தனியாக எடுக்க வேண்டும்.

வருமான வரிக்கு இலாபத்தைத்தான் பார்ப்பார்கள். 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் வரை தனிநபருக்கு வரி இல்லை. உங்களுக்கு நிற்பது 3 இலட்சத்து 60 ஆயிரம். ஆனாலும் வரி இலக்கம், அதுதான் ரின் நம்பர், எடுத்து வையுங்கள். இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். நம்பர் எடுத்ததால் வரி கட்ட வேண்டும் என்று இல்லை. வங்கியில் நிலையான வைப்பு இருந்தால் வட்டியில் 10 வீதம் பிடிப்பார்கள். வருமானம் 18 இலட்சத்துக்குள் என்று வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கவும் இந்த நம்பர் உதவும்.

அக்காவின் வரி அக்காவுடையது. கனடாவில் அடுத்தடுத்த நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலருக்கு மேல் போனால்தான் விற்பனை வரிக்குப் பதிவது கட்டாயம். அதற்குக் கீழே விற்பவரைச் சிறு விற்பனையாளர் என்று விட்டுவிடுவார்கள். கோயில் திருவிழாவில் மேசை போட்டு விற்கும் அளவுக்கு அது வராது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவ அனுப்பும் காசில் பெட்டிக் காசு எது, அம்மாவின் மருந்துக்கு எது என்று கொப்பியில் பிரித்து எழுதுங்கள். பெட்டிக் காசு உங்கள் விற்பனைக் கணக்கில் சேர வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெரிய ஹோட்டல்கள் பொருள் வாங்கி ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துக் காசு போடுவது வழக்கம். 200 பெட்டி 1,200 ரூபாப்படி 2 இலட்சத்து 40 ஆயிரம். அவ்வளவு நாளும் மூன்று பெண்களுக்குக் கூலி எங்கிருந்து கொடுப்பீர்கள்? கொட்டேசனிலேயே பாதி முற்பணம், மீதி பொருள் கிடைத்த 14 நாளுக்குள் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் 50 பெட்டி மட்டும் அனுப்பி, அந்தக் காசு வந்தபின் அடுத்த ஐம்பதைத் தொடங்குங்கள்.