சிலிக்கோன் ரப்பரில் தாவர நார் கலந்தால் இழுவலிமை ஏன் குறைகிறது?

கேள்வி இது: அச்சில் ஊற்றும், பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை சிலிக்கோனில் 5 மி.மீ. நீளத்துக்கு வெட்டிய கற்றாழை நாரைக் கலந்தால் கடினத்தன்மை ஏறுகிறது, இழுவலிமையோ இறங்குகிறது. எங்கே தவறு?

செய்முறையில் தவறு இல்லாவிட்டாலும் இறங்கத்தான் செய்யும். ரப்பர் தன் மேல் விழும் சுமையை நாரின் பக்கவாட்டுப் பரப்பு வழியாகத்தான் நாருக்குள் ஏற்ற முடியும். நார் தன் முழு வலிமையையும் காட்ட வேண்டுமானால் அதற்கு ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும்: நாரின் இழுவலிமையை விட்டத்தால் பெருக்கி, ஒட்டுப்பரப்பின் சறுக்கு வலிமையைப் போல் இரு மடங்கால் வகுத்தால் அது வரும். நாரின் வலிமை 500 மெகாபாஸ்கல், விட்டம் 0.2 மி.மீ., ஒட்டு வலிமை 0.5 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் விடை 100 மி.மீ.! 5 மி.மீ. துண்டில் ஏறக்கூடிய தகைவு (பரப்பலகுக்கான விசை) அதிகபட்சம் 25 மெகாபாஸ்கல், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதற்குள் நார் வழுக்கி உருவிக்கொண்டு வந்துவிடும்.

இன்னொன்று, இந்த நார் சில விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிடும். ரப்பர் 300 விழுக்காடு போகும். இழுக்கும்போது நார் முனைகளில் வெள்ளையாகத் தெரிவது அங்கே திறக்கும் வெற்றிடம். ரப்பர் அறுபடுவது அங்கிருந்துதான் தொடங்கும். கடையில் வரும் சிலிக்கோனில் பெரும்பாலும் நுண்சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) ஏற்கெனவே கலந்திருக்கும். ஒரு மெகாபாஸ்கலைக்கூட எட்டாத வெறும் பாலிமரைப் பல மடங்கு வலுவாக்குவது அதுதான். நன்றாக இருக்கும் அந்த அமைப்புக்குள் நாம் ஓட்டை போடுகிறோம் என்பதே உண்மை. எனவே நாரிடம் விறைப்பையும் கிழிசல் எதிர்ப்பையும் கேளுங்கள், இழுவலிமையைக் கேட்காதீர்கள்.

ஒட்டு வலிமையை உயர்த்த முடியும். நாரை 5 விழுக்காடு காஸ்டிக் சோடாக் கரைசலில் (கையுறை, கண்ணாடி கட்டாயம்) அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மெழுகும், தாவர நாரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளில் ஒரு பகுதியும் நீங்கி மேற்பரப்பு சொரசொரப்பாகும். பிறகு 1 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் அலசி, கழுவிய நீர் பி.எச். 7 காட்டும் வரை கழுவுங்கள். இதில் அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மிச்சமிருக்கும் காரமும் ஈரமும் சேர்ந்து சிலிக்கோனின் ஹைட்ரைடை (சிலிக்கனோடு பிணைந்த ஹைட்ரஜன் உள்ள பகுதி) தாக்கி ஹைட்ரஜனைக் கிளப்பும். நாரை ஒட்டி வரிசையாகக் குமிழ்கள் தெரியும். காற்றை ஒழுங்காக உறிஞ்சவில்லை என்று பலரும் நினைப்பது இதைத்தான்.

அடுத்தது சிலேன், அதாவது நாரையும் சிலிக்கோனையும் பிணைக்கும் வேதிப்பொருள். எத்தனாலும் நீரும் 90:10 கலந்து, அசெட்டிக் அமிலத்தால் பி.எச். 4–5க்குக் கொண்டுவந்து, 2 விழுக்காடு வினைல்ட்ரைமெத்தாக்சிசிலேன் சேர்த்து 45 நிமிடம் கலக்குங்கள். நாரை அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, காற்றில் எத்தனால் முழுக்க ஆவியான பிறகு 110 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். வினைல் வகையே வேண்டும். சிலிக்கோன் இறுகும்போது (கியூர்) அது சிலிக்கோன் வலையோடு பிணையும். அமினோ சிலேன் பிளாட்டினத்தை முடக்கி, நாரைச் சுற்றிப் பிசுபிசுப்பை விட்டுவிடும்.

உலர்ந்த நாரை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் ஆறவிட்டு உடனே கலந்துவிடுங்கள். வெளியில் கிடந்தால் காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். 100 கிராம் சிலிக்கோனுக்கு 5 கிராம் நாரில் தொடங்கலாம், கன அளவில் அது ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. சிலிக்கோன் ஏ, பி என்று இரு பாகமாக வரும். முதலில் நாரை ஏ பாகத்தில் பிசைந்து, வெற்றிடப் பம்பால் காற்றை எடுத்து, பி பாகம் சேர்த்து மீண்டும் ஒருமுறை எடுங்கள். கலவை பல மடங்கு பொங்கும், பெரிய பாத்திரம் வையுங்கள். 10 கிராமைத் தாண்டினால் கலவை அச்சில் ஓடாது, நார் உருண்டு பந்தாகும்.

சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. ரப்பரை இழுத்துச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 37 தரநிலையின் இரண்டாம் வகை டம்பெல் (நடுவில் ஒடுங்கிய) துண்டில் நடுப்பகுதி 4 மி.மீ. அகலம்தான். 5 மி.மீ. நார் அதில் குறுக்கே கிடந்தால் வெட்டுப்பட்டிருக்கும். டம்பெல் வடிவ அச்சிலேயே ஊற்றினால் நார் நீளவாக்கில் சாய்ந்து, எண் அழகாக வரும், பொய்யாக. 2 மி.மீ. தாளாக ஊற்றி, கலவை ஓடிய திசைக்கு நெடுக்கிலும் குறுக்கிலும் தனித்தனியே வெட்டிச் சோதியுங்கள். அதே பாக்கெட் சிலிக்கோனில் நார் இல்லாத தாளும் ஒன்று இருக்கட்டும்.

சிலிக்கோன் தண்ணீரை ஒட்டவிடாது, ஆனால் நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். ஈரமான இடத்தில் நார் உப்பி ஒட்டு தளரும். வெறும் சிலிக்கோனுக்குச் சாதாரணமான 200 டிகிரியும் நாருக்கு ஆகாது, கருகத் தொடங்கும்.

இழுவலிமைதான் தேவை என்றால் துண்டு நாரை விட்டுவிட்டு நெய்த துணியை உள்ளே வையுங்கள். நூல் திசையில் நீட்சி ஏறக்குறைய போய்விடும். 45 டிகிரி சாய்த்து வைத்தால் ஓரளவு மிஞ்சும்.