கோஸ் பூத்த வருடம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கிய மறுநாள் ஒரு மாணவியின் தந்தை வந்தார். கோஸும் நூல்கோலும் பயிரிடுபவர். கடவுள் படைத்தார் என்பதையும் சரிசமமாக நடத்துங்கள், அமெரிக்காவில் அப்படித்தான், இங்கேயும் மத்தியப் பாடநூலில் இதை நீக்கிவிட்டார்களே என்றார். வம்பு வேண்டாமென்று, “தேர்வுக்குப் படித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரே வகுப்பில் முடித்துவிட்டேன். இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நியாயமோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1925இல் டென்னசியின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமம் நடத்திய குற்றத்துக்கு ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். தடை செல்லாமல் போன பிறகு ‘இரண்டையும் சமமாக நடத்து’ என்று ஆரம்பித்தார்கள். லூசியானாவின் அந்தச் சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அடுத்து, ‘படைப்பு’ என்ற சொல்லை மறைத்து ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று வந்தார்கள். 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் அதுவும் தோற்றது. அவர்களுடைய பாடநூல் வரைவில் பழைய சொல்லை எடுத்துப் புதிய சொல்லைப் போட்டபோது ஓரிடத்தில் பழையதின் வாலும் தலையும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. காப்பியடித்த பையன் பக்கத்துப் பையனின் பதிவெண்ணையும் சேர்த்து எழுதியதுபோல் மாட்டிக்கொண்டார்கள்.

மத்தியப் பாடநூல் விஷயம் உண்மைதான், பத்தாம் வகுப்பில் நீக்கினார்கள். உங்கள் மேசையில் இருப்பது தமிழ்நாட்டுப் பாடநூல். அதில் பாடம் இருக்கிறது. விடுங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் கேள்வி அல்ல. “தேர்வுக்குப் படித்துக்கொள்ளுங்கள்” என்ற அந்த ஒரு வரி. அம்மா, அந்த மனிதராவது தான் நம்பியதைச் சொல்ல மலையேறிப் பள்ளிக்கு வந்தார். நீங்கள் நாற்பது பிள்ளைகளிடம், படிப்பது வேறு, உண்மை வேறு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் கேட்டதைவிட இது மோசம்.

வெளியூரிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஊரைப் பகைத்துக்கொள்ளும் தெம்பு எங்கிருந்து வரும் என்பதும் எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் ஆசிரியரும் இதையேதான் செய்தார். ‘குரங்கிலிருந்து மனிதன்’ என்று ஒரு வரி சொன்னார், வகுப்பு சிரித்தது, புத்தகத்தை மூடினார்.

அந்த வருடம்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் கோஸ் விலை விழுந்தது. லாரி வாடகைக்கே கட்டாது என்று அப்பா வெட்டாமல் விட்டுவிட்டார். கேத்தி பள்ளத்தாக்கில் எங்கள் துண்டு நிலம். பனிக்காலம் முழுக்க அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பிறகு ஒருநாள் மாட்டைத் தேடிப் போனேன். கோஸ்கள் உச்சியில் குறுக்காக வெடித்து, உள்ளிருந்து தண்டு கிளம்பி, என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. உச்சியெல்லாம் மஞ்சள் பூ, நான்கே இதழ். வரப்போரம் அம்மா போட்டிருந்த நூல்கோலும் முற்றி, பிளந்து, பூத்திருந்தது. அதே பூ. ஒன்றைக் கிள்ளி இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எது எதிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கோஸ், நூல்கோல், காலிபிளவர், புரோக்கோலி எல்லாம் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம் என்று நான் படித்தது இருபது வருடம் கழித்து. ஐரோப்பியக் கடலோரத்துக் காட்டுச்செடியின் வழிவந்தவை. இலை நெருக்கமாக மூடிய செடியின் விதையை ஒருவர் எடுத்து வைத்தார், தண்டு பருத்ததை இன்னொருவர், பூ திரண்டதை வேறொருவர். பல தலைமுறை இப்படியே போனது. டார்வினும் 1859இல் தன் நூலைக் குரங்கில் தொடங்கவில்லை. வீட்டுப் புறா, வயலில் விளையும் செடி, மனிதன் பொறுக்கி எடுத்த விதை, அங்கேதான் தொடங்கினார். நம் பாடம் மட்டும் ஏன் நேராகக் குரங்கிடம் போய் அடி வாங்குகிறது? பொறுக்குவது என்றால் என்னவென்று கையில் கொடுத்துவிட்டு, மனிதனுக்குப் பதில் பனியும் பசியும் பொறுக்கினால் என்ன ஆகும் என்று அடுத்த வாரம் கேளுங்கள்.

என்ன இருந்தாலும் கோஸ் கோஸ்தானே என்று அவர் சொல்வார். சொல்லட்டும். அதற்குச் சோலையில் சிரிப்பான் பறவை இருக்கிறது. நம் நீலகிரி மலையில் இருப்பதற்கு நெஞ்சு செம்பழுப்பு, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி மலையில் இருப்பதற்குச் சாம்பல். இடையில் வெயில் காயும் தாழ்நிலம், அதை இவை தாண்டுவதில்லை. ஒன்றாயிருந்தது இப்படிப் பிரிந்து இரண்டு இனமாகிவிட்டது. இதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

நியாயமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? நியாயமில்லை. சாமியைப் பற்றி அவர் வீட்டில் சொல்லட்டும், அது அவர் உரிமை. நீங்கள் அவரிடம் ஓர் உதவி கேளுங்கள்: பனிக்கு முன் வயல் மூலையில் பத்துக் கோஸும் பத்து நூல்கோலும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள். எல்லாம் பூக்காது, சில அழுகும். பூத்ததை அவர் மகளே வகுப்புக்கு எடுத்து வரட்டும். முற்றிய நூல்கோல் நாராகிவிடும், கறிக்கு ஆகாது. இருபதுக்கும் அன்றைய மண்டி விலையை அவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள்.