மேல் வீட்டுக் கசிவு, லிஃப்ட் பங்கு, மொட்டை மாடி: யார் கட்டுவது?

கேள்வி: பாத்ரூம் சீலிங்கில் சொட்டுகிறது. மேல் வீட்டுக்காரர், "டக்ட் (எல்லா மாடிக்கும் பைப்கள் இறங்கும் பொது இடைவெளி) பைப்தான், அசோசியேஷன் பார்க்கட்டும்" என்கிறார். அசோசியேஷன் அவரைக் கை காட்டுகிறது.

முதலில் கசியும் இடத்தைப் பிடியுங்கள். செலவு யாருடையது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இரவு பகல் பாராமல் ஒரே சீராகச் சொட்டினால் சப்ளை பைப்பாக இருக்கலாம். மேல் வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடியும் மீட்டர் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரையைச் சோதியுங்கள். தரையில் தண்ணீர் வடியும் ட்ராப்பின் வாயை இறுக அடைத்து, ஓரங்குலத் தண்ணீரில் சாயம் கலந்து 24 மணி நேரம் நிறுத்துங்கள். சாயம் கீழே இறங்கினால் வாட்டர்ப்ரூஃபிங் போய்விட்டது. அடைப்பை எடுத்த பிறகுதான் இறங்குகிறதென்றால் ட்ராப்போ அதற்குக் கீழுள்ள ஜாயின்டோ. டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் பூசிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். கிழிந்த வாட்டர்ப்ரூஃபிங் படலம் டைல்ஸுக்கு அடியில் அப்படியேதான் இருக்கும்.

பொதுவாகத் தரை, ட்ராப், அதிலிருந்து டக்ட் வரை வரும் கிளை பைப் எல்லாம் மேல் வீட்டார் பொறுப்பு. டக்ட்டில் செங்குத்தாக இறங்கும் பைப் அசோசியேஷனுடையது. இரண்டும் சேரும் ஜாயின்டில்தான் சண்டை வரும். பைலாவில் (அசோசியேஷனின் விதித்தொகுப்பு) அதைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் தரைத்தளம். லிஃப்டுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

லிஃப்ட் பொதுச் சொத்து. பைலாவில் விலக்கு எழுதப்பட்டிருந்தால் ஒழிய, ஏறாவிட்டாலும் பங்கு உண்டு.

கேள்வி: மொட்டை மாடி ஒழுகுவது கடைசி மாடிக்காரர்களுக்கு மட்டும்தான். செலவும் அவர்களுடையதுதானே?

இல்லை. கூரை கட்டடம் முழுவதற்கும் கூரைதான். ஆனால் ஒருவர் தன் சோலார் ஸ்டாண்டுக்கோ டிஷ்ஷுக்கோ போல்ட் அடித்துப் படலத்தைத் துளைத்திருந்தால் அந்த இடத்தைச் சரிசெய்வது அவர் கடமை.

மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை, அல்லது மழைநீர் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கோட்டிங் அடிப்பது வீண். ஈரம் காயாத தளத்தில் அடித்தாலும், உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகிக் கோட்டிங்கைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

கேள்வி: பெயின்டிங், பம்ப் என்று திடீர் திடீரெனப் பணம் கேட்கிறார்கள்.

மாதாந்திர மெயின்டனன்ஸோடு பெரிய செலவுகளுக்குத் தனி நிதி சேர்க்காததன் விளைவு. பம்ப், லிஃப்ட் கயிறு, பெயின்ட், வாட்டர்ப்ரூஃபிங் ஒவ்வொன்றுக்கும் மாற்றும் செலவை, மிச்சமிருக்கும் ஆயுள் ஆண்டுகளால் வகுத்துக் கூட்டுங்கள். ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகை அதுதான்.

கேள்வி: தொட்டியைக் கழுவிய பிறகு எவ்வளவு குளோரின் போட வேண்டும்?

சேறு வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு, 1,000 லிட்டருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 1 லிட்டர். ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, 12 மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு முழுவதும் வடித்து, புதுத் தண்ணீர் பிடியுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று முதல் நாளே அறிவிப்பு ஒட்டுங்கள். ஆசிட்டையும் குளோரினையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். சம்ப்பில் காற்றோட்டம் இல்லாமல், மேலே காவலுக்கு ஆள் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.