பிரிண்டர் மக்கர் செய்கிறதா? டிரைவரை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் லினக்ஸும் பிரிண்டரும்தான் அதிகம். எல்லோரும் டிரைவரை, அதாவது கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளை, திட்டியிருக்கிறீர்கள். பாவம், பெரும்பாலும் அதன் மேல் தப்பே இல்லை.

கேள்வி: புது ரவுட்டர் மாட்டியதிலிருந்து உபுண்டு லினக்ஸில் அச்சடிக்க முடியவில்லை. டிரைவரை இரண்டு முறை அழித்துப் போட்டுவிட்டேன். (பொங்கோல்)

மூன்றாவது முறை வேண்டாம். புது ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் வீட்டு எண் மாதிரி) கொடுத்திருக்கும், உபுண்டு இன்னும் பழைய வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரின் சின்னத் திரையில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இப்போதைய முகவரியைக் குறித்துக்கொண்டு டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அந்த முகவரிக்கு பிங் (ping) அடியுங்கள், பதில் வந்தால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 (localhost:631) என்று போட்டு, லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) மென்பொருளின் பக்கத்தைத் திறந்து அங்கே புது முகவரியைக் கொடுங்கள். அப்புறம் ரவுட்டரில் அந்த பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கென்றே உள்ள அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் எனக்கே எழுதுவீர்கள்.

இவ்வளவு செய்தும் காகிதம் வரவில்லையா? அச்சு வேலைகளின் வரிசை நின்றுபோயிருக்கும். ஒரு வேலை தோற்றால் கப்ஸ் பிரிண்டரையே நிறுத்தி வைப்பது உண்டு, கோளாறு சரியான பிறகும் அது தானாக எழாது. ‘ரெஸ்யூம் பிரிண்டர்’ அழுத்த வேண்டும். எனக்கு இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமே போனது: பிங் போகிறது, பச்சை விளக்கு எரிகிறது, காகிதம் மட்டும் வரவில்லை. கடைசியில் ரெஸ்யூமை அழுத்தினால் ஒரே பக்கம் பதினோரு முறை வந்து விழுந்தது.

கேள்வி: மனைவியின் போனுக்குப் பிரிண்டர் தெரிகிறது, என் ஃபெடோரா லினக்ஸ் லேப்டாப்புக்குத் தெரியவில்லை. (ஈசூன்)

இரண்டும் ஒரே வைஃபையில்தானா? நம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பலர் ரவுட்டரை பாம் ஷெல்டருக்குள் தள்ளிவிடுகிறோம், அந்தத் தடிச் சுவரில் சிக்னல் அடிபட்டுப்போகிறது என்று ஹாலில் இன்னொன்றை வாங்கி வைக்கிறோம். அது தனி நெட்வொர்க்காக ஓடினால் லேப்டாப் ஒரு பக்கம், பிரிண்டர் மறுபக்கம். பிரிண்டர் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்வது எம்டிஎன்எஸ் (mDNS) என்ற அறிவிப்பு முறை வழியாக, அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் போடாமல் முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டும்) மாற்றுங்கள். கெஸ்ட் வைஃபையிலும் இதே கதைதான். எல்லாம் ஒரே நெட்வொர்க் என்றால் லேப்டாப்பில் அந்தக் குரலைக் கேட்கும் அவாஹி (Avahi) மென்பொருள் ஓடுகிறதா, ஃபயர்வாலில் அதற்கான வாசலான யூடிபி 5353 திறந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: கம்பெனி தளத்தில் லினக்ஸ் டிரைவரே இல்லை. புது பிரிண்டர் வாங்கணுமா? (தெம்பனிஸ்)

பெட்டியில் ஏர்பிரின்ட் (AirPrint, டிரைவர் இல்லாமல் அச்சடிக்கும் ஆப்பிளின் முறை) என்று போட்டிருக்கிறதா? அப்படியானால் டிரைவரே தேவைப்படாது. அதே மாதிரியான ஐபிபி எவ்ரிவேர் (IPP Everywhere) முறையில் கப்ஸ் நேராகப் பேசிக்கொள்ளும், காசை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: தட்டில் காகிதம் இருக்கிறது, ஆனாலும் ‘காகிதம் வை’ என்கிறது!

லினக்ஸில் அமெரிக்க லெட்டர் அளவு இருக்கும், உங்கள் தட்டில் ஏ4. பிரிண்டர் அமைப்பில் ஏ4 என்று மாற்றுங்கள், ஆவணத்தின் பக்க அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.